நீயே வந்து மெழுகு

கண்ணு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நன்றாக இருப்பதைத்தான் ஊரே போனில் பார்த்துவிட்டதே. நம் களத்தில் ஷூ போட்டுக்கொண்டு பந்து உதைத்து, பின்னால் பாட்டெல்லாம் சேர்த்து நீ போட்ட வீடியோவைச் சோளக்காட்டுச் சந்தைப் பழக்கடைக்காரர்கள்கூடப் பார்த்துவிட்டார்கள். நான் மிளகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்வதற்குள், "இது உங்க பையன்தானுங்களே?" என்று ஒருவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஆமாங்க" என்றேன். எல்லோரும் பார்க்கிற மாதிரி நீ ஒன்றைச் செய்துவிட்டுப் போனாய். அதனால் நானும் எல்லோரும் படிக்கிற மாதிரியே சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே போடாதே, படிக்கிறவர்களுக்குப் புரிகிறபடி எழுது என்று சொல்லிவிட்டேன். முடிந்ததும் இதை உன் வீடியோவுக்குக் கீழேயே போடுவாள். அவளுக்கு அதில் விருப்பமில்லை. "நாலு சனம் படிக்குமேம்மா" என்று கூச்சப்படுகிறாள். படிக்கட்டும்.

உனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் சொல்லப் போகிறேன், மற்றவர்களுக்காக. மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் ஊர் முப்பது வீடு. முப்பது வீட்டுக்கும் ஒரே களம். சாமை அறுப்புக்கு முன்னால் ஊரே சேர்ந்து அந்தக் களத்தைச் செதுக்கி, தண்ணீர் தெளித்துக் கெட்டித்து, சாணி போட்டு மெழுகும். முதல் கட்டுக் கதிரை நடுவில் வைத்துச் சாமி கும்பிட்டுவிட்டால், கடைசி வீட்டுச் சாமையையும் தூற்றி அள்ளுகிற வரை செருப்புக் காலோடு யாரும் அதில் ஏறக் கூடாது. எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் கீழே கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். யாராவது ஏறிவிட்டால் அடிதடி இல்லை, அபராதம் இல்லை. எவர் கால் பட்டதோ அவரே குனிந்து, தன் கையால் களம் முழுவதையும் மறுபடி மெழுக வேண்டும். அதுவரை ஒரு வீட்டுக் கதிரும் களத்தில் ஏறாது. எனக்குத் தெரிந்து இப்படி நடந்தது இரண்டு முறை. ஒரு முறை வெளியூர் மிளகு வியாபாரி, விவரம் தெரியாமல் ஏறிவிட்டார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மத்தியானம் வரை மெழுகினார். முடித்த பிறகு நம் வீட்டில்தான் சாப்பிட்டார். அவருக்கு அதில் ஒரு குறைச்சலும் வந்துவிடவில்லை.

நீ வெளியூர்க்காரன் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கேமராக்காரப் பையன்கள் இரண்டு பேரோடு நீ களத்துக்கு நடந்தபோது, முதல் கட்டுக் கதிர் நடுவில் இருந்ததைப் பார்த்தாய். நான் பார்த்தேன் நீ பார்த்ததை. வீடியோவில் காட்ட ஒரு கம்பெனி கொடுத்த புது ஷூவைப் பையிலிருந்து எடுத்து மாட்டினாய். உன் அப்பா பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காத குரலில், "செருப்பக் கழட்டிரு சாமி, கதிர் வெச்சாச்சு" என்றார். "ஒரே நிமிசம்ப்பா" என்று சொல்லிவிட்டு ஏறினாய். ஒரு நிமிடமா அது? தூசி பறக்கிற மாதிரி வேண்டும் என்று அந்தப் பையன் கேட்கக் கேட்க, நீ காலைத் தேய்த்துத் தேய்த்து உதைத்தாய். நீ இறங்கியபோது மெழுகல் முழுவதும் கோழி கொத்தின மாதிரி குழி குழியாக இருந்தது. ஊர்க்கவுண்டர் சாயங்காலம் நம் வாசலுக்கு வந்தார். கோபப்படவில்லை. "நாளைக்குக் காலைல மெழுகிக் குடுத்துட்டுப் போ சாமி, மேகம் கட்டுது" என்றார். "சரிங்க" என்றாய். அந்த "சரிங்க"வை நம்பி, உன் அப்பா விடிவதற்கு முன் எழுந்து நாலு வீட்டுச் சாணியை வாங்கிச் சேர்த்து வைத்தார். நீ அதற்கும் முன்னால் எழுந்து காரில் ஏறிவிட்டாய். கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் இறங்கி முடித்த பிறகு போன் செய்து, "டிரெயினிங் இருக்குதும்மா. ஆளை வெச்சு மெழுகிக்கங்க" என்றாய். ஆளை வைத்து! உன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தபோது நான் போனைத் தூக்கி எறிந்திருப்பேன். அது உன் தங்கையின் போன், அதனால் எறியவில்லை.

இன்றோடு ஒன்பது நாள். முப்பது வீட்டுச் சாமையும் கட்டுக் கட்டாகப் போர் போட்டுத் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டது. நேற்று மத்தியானம் தூறல் போட்டது. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் தார்ப்பாய்க்குள் கையை விட்டு விட்டுச் சூடு பார்க்கிறார்கள். இன்னும் நாலு நாள் இப்படிக் கிடந்தால் அடிக்கட்டுகள் முளைவிடும். வருகிற ஞாயிறு வரை பார்ப்பது, நீ வராவிட்டால் இந்த வருடம் களத்தை மூடிவிட்டு, தார் ரோட்டில் கதிரைப் போட்டு வண்டிச் சக்கரத்தில் அடித்துக்கொள்வது என்று ஊர் முடிவு செய்திருக்கிறது. எனக்குத் தெரிந்து களம் மூடிய வருடம் கிடையாது. இனி இருக்கும். அது உன் பேரில் இருக்கும்.

நீ எப்படி இப்படி ஆனாய் என்று ஒன்பது நாளாக யோசிக்கிறேன். மேடும் சரிவுமாகக் கிடக்கிற இந்த மலையில் பந்து உருளாமல் நிற்கிற ஒரே இடம் அந்தக் களம்தான். அறுப்பு முடிந்த மாதங்களில் பிள்ளைகள் எல்லாம் வெறுங்காலோடு அங்கேதான் ஆடுவீர்கள். உங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தீர்கள்: பந்தைத் தன் பக்கமாகத் தாண்ட விட்டவன்தான் பள்ளத்தில் இறங்கி எடுத்து வர வேண்டும். மரவள்ளிக் காட்டைத் தாண்டி ஓடை வரைக்கும் போய்விடும் பந்து. இறங்கி ஏற அரை மணி நேரம் ஆகும். நீ இறங்கப் பிடிக்காதவன். அதனால்தான் பந்தை விடாமல் நிறுத்தக் கற்றுக்கொண்டாய். வயிற்றால் நிறுத்துவாய், முகத்தால் நிறுத்துவாய், எதிரில் வருகிற பையனோடு சேர்த்து நிறுத்துவாய். கோல் போடுகிற பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், தடுக்கிற பிள்ளை அபூர்வம் என்று உன் விளையாட்டு வாத்தியார் சொல்லி, பதின்மூன்று வயதில் உன்னைச் சேலம் ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வாசலூர்பட்டி வளைவு வரை நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே நடந்தேன். உன் தங்கை அப்போது என் வயிற்றில் இருந்தாள்.

அதற்குப் பிறகு உன்னை நான் சட்டையில்தான் பார்த்தேன். சென்னைக்கு ஆடியபோது நீலம், கோவாவில் ஆரஞ்சு, கோழிக்கோட்டில் சிவப்பு, ஷில்லாங்கில் வெள்ளை, பெங்களூரில் இரண்டு டீம், இரண்டு நிறம், கல்கத்தாவில் மறுபடி வேறொரு சிவப்பு. ஒவ்வொரு வருடமும் ஒரு ஊர். "உன் மவன் இப்ப எந்தூருக்கு ஆடறான்?" என்று கேட்பார்கள். எனக்கு டீம் பேர் வாயில் நுழையாது. நிறத்தைச் சொல்வேன். அம்மா, ஸ்ட்ரைக்கரை ரசிகர்கள் விடமாட்டார்கள், டிபென்டரை எவனும் கேட்கமாட்டான், கூப்பிடுகிற ஊருக்குப் போக வேண்டியதுதான் என்பாய். பழைய சட்டைகளை நீ விட்டுவிட்டுப் போவாய். கோவாச் சட்டையை மரவள்ளிக் காட்டில் குச்சிக்கு மாட்டிவிட்டேன், குரங்கு வராமல் இருக்க. எதிர்வீட்டுச் செல்லம்மா அதைப் பார்த்துவிட்டு, "உன் மவன் அங்க பந்தத் தடுக்கறானோ என்னவோ, இங்க குரங்க நல்லாத் தடுக்கறான்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் உன்னைப் பற்றிச் சிரிக்க முடிந்தது. ஷில்லாங்கிலிருந்து ஒருநாள் கூப்பிட்டு, கை விரைத்துப்போய்விட்டது, இங்கே உருளைக்கிழங்கைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை, சாமைச் சோறும் அவரைக் குழம்பும் வேண்டும் போல இருக்கிறது என்று அழுதாய். நானும் உன் அப்பாவும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்தச் சாமையைத்தான் மகனே, இப்போது முளைவிட வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

வீடியோவில் நீ பேசினதை உன் தங்கை எனக்கு முழுதாகக் காட்டவில்லை. பாதியிலேயே நிறுத்தி நிறுத்தி, "அப்புறம் ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லி வந்தாள். செல்லம்மாதான் வந்து முழுவதையும் ஓட்டிக் காட்டினாள். சாப்பாட்டுக்கே வழியில்லாத வீட்டிலிருந்து வந்தேன் என்கிறாய். எந்த நாள் நீ பசியோடு படுத்தாய்? சொல். நானும் உன் அப்பாவும் கூழைக் குடித்துவிட்டு உனக்குச் சோறு வைத்த நாள் உண்டு. உன் தட்டு காலியாக இருந்த நாள் கிடையாது. ஷூ வாங்க வக்கில்லாமல் வெறுங்காலோடு ஆடினேன் என்கிறாய். களத்தில் எல்லோரும்தான் வெறுங்காலோடு ஆடினார்கள். ஊர்க்கவுண்டர் பேரனும் வெறுங்காலோடுதான் ஆடினான். எங்கள் பழக்கத்தை நீ எங்கள் தரித்திரமாக மாற்றி விற்றுவிட்டாய். உனக்கு முப்பத்தொரு வயதாகிவிட்டது, இந்த வருடம் எந்த டீமும் கூப்பிடவில்லை, நாலு பேர் கண்ணில் படத்தான் அந்த வீடியோ என்று உன் அப்பா சமாதானம் சொல்கிறார். இருக்கலாம். பயத்தில் மனிதன் பொய் சொல்வான்தான். ஆனால் கடைசியில் சொன்னாயே ஒன்று, "இன்னைக்கு என் தங்கச்சி காலேஜ்ல படிக்கிறா, அதுக்கு இந்த ஆட்டம்தான் காரணம்" என்று. அதைக் கேட்டபோது நான் உன் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த பூண்டையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். இதை எழுத வேண்டாமே அம்மா என்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கல்கத்தாவில் உன் முழங்கால் நரம்பு அறுந்து ஆபரேஷன் ஆனபோது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாய். நான் கிளம்பினேன். உன் அப்பாவுக்கு இடுப்பு வலி, இரண்டு மாடு, மிளகு பறிக்கிற நேரம். பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவளிடம், "ஒரு மாசந்தான் கண்ணு, அம்மா வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். நாலு மாதம் ஆனது. நான் திரும்பிய பிறகு இவள் பள்ளிக்கூடம் போனாள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று காரணம் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இவள் வாயைத் திறக்கவில்லை. உனக்குத் தெரியுமே இவளை. ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் வாசலில் நின்று சொல்வார்கள், இவள் உள்ளேயிருந்தே எழுதிக் கதவிடுக்கு வழியாக நீட்டுவாள். அப்படிப்பட்டவளை நாற்பது பிள்ளைகள் முன்னால் நிறுத்தினால் என்ன பேசுவாள்? மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. சோளக்காட்டுக்குப் போகிற வழியில்தான் பள்ளிக்கூடம். வாரத்துக்கு இரண்டு முறை அந்த வாசலைத் தாண்டிப் போகிறேன். உள்ளே போய், என் மகள் என் வீட்டைக் காத்துக்கொண்டிருந்தாள், அதனால் வரவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் இன்னொரு கை இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. இது உன்மேல் இருக்கிற கோபம் இல்லை, என்மேல் இருக்கிறது. ஆனால் நான் செய்த தப்பை நீ காலேஜாக மாற்றி ஊருக்குக் காட்டினாய் பார், அதை என்னால் விழுங்க முடியவில்லை.

கல்கத்தாவில் ஒரு நாள், உனக்கு அடிபடுவதற்கு முன்னால் எடுத்த ஆட்டத்தை டிவியில் போட்டுக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? "பாரும்மா, நான் எப்படி ஆடறேன்னு பாரு" என்றாய். நானும் பார்த்தேன். நன்றாகத்தான் ஆடினாய். காளை மாதிரி முட்டி நின்றாய். கடைசியில் ஒருவன் உன்னைத் தாண்டிக்கொண்டு போய் கோல் போட்டுவிட்டான். பந்து வலைக்குள் போனதும் நீ முதலில் செய்தது என்ன தெரியுமா? கையை நீட்டிப் பக்கத்தில் நின்ற பையனைக் காட்டினாய். அவன் சின்னப் பையன், மீசைகூட முளைக்கவில்லை. அவனைப் பார்த்துக் கத்தினாய். நான், "உன்னையத் தாண்டித்தானே கண்ணு போனான்" என்றேன். "உனக்கு ஆட்டம் தெரியாதும்மா" என்று சொல்லி டிவியை அணைத்தாய். எனக்கு ஆட்டம் தெரியாது. உன்னைத் தெரியும். உன்னை அப்படி வளர்த்தவளையும் தெரியும்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்குப் பதினோரு வயது. விளையாட்டு வாத்தியார் உனக்கு முதல் முதலாக வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்த வருடம். கதிர் வைத்த களத்தில் அந்த ஷூவோடு ஓடிப் பார்த்திருக்கிறாய். விடிய வெகுநேரம் இருக்கையிலேயே, நிலா வெளிச்சத்தில் தண்ணீருக்குப் போனபோது களத்துக் குறுக்கே உன் காலடியைப் பார்த்தேன். ஊரில் வேறு யாரிடமும் அந்த மாதிரி ஷூ கிடையாது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்து, கொட்டகையிலிருந்து சாணியை அள்ளிக்கொண்டு போய், விடிவதற்குள் களம் முழுவதையும் நானே மெழுகிவிட்டேன். அன்றைக்கு ஊர்க்கவுண்டர் வந்து பார்த்து, "அட, இவ்ளோ சுத்தமா ஆருங்க மெழுகுனது?" என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஊரை ஏமாற்றின பெருமை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு அடி வைக்கவில்லை. நீ எழுந்து வந்து பார்த்தாய், களம் புதிதாக இருந்தது. உனக்குப் புரிந்துவிட்டது என்பது உன் முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு உன் காதைத் திருகி, உன் கையில் சாணியைத் திணித்து, ஊர் பார்க்க உன்னை மெழுக வைத்திருந்தால், இன்றைக்குக் காரில் ஏறியிருக்க மாட்டாய். பந்தைத் தாண்ட விட்டவன்தான் பள்ளத்தில் இறங்க வேண்டும் என்ற சட்டம் பிள்ளைகள் நீங்களே போட்டுக்கொண்டது. அதற்குக்கூட எனக்குப் புத்தி இல்லாமல் போயிற்று. பிற்பாடு நீ லீவுக்கு வந்து ஆடும்போது பள்ளத்துக்குப் போன பந்தை எடுத்துவர உன் தங்கையை அனுப்புவாய். ஐந்து வயதுக் குழந்தை, முள்ளைக் குத்திக்கொண்டு, பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி வரும். நான் அதையும் பார்த்து, அண்ணன்மேல் எவ்வளவு பாசம் பார் என்று சந்தோஷப்பட்டேன்.

போன ஞாயிறு ஊர் கூடியது. உன் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். நாற்பது வருடமாக இந்த ஊரில் ஒருவரிடம் ஒரு சொல் வாங்காத ஆள். "பையன் வந்துருவானுங்க, வேலை ஜாஸ்தியா இருக்குதுங்க" என்று நாலு முறை அதையே சொன்னார். யாரோ பின்னாலிருந்து, "அவனுக்குத் தடுக்கறதுதானுங்க வேலை, ஊர்ச் சாமையவே தடுத்துட்டானுங்களே" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அதை வீடியோ எடுக்க ஒரு கேமராக்காரனும் அங்கே இல்லை.

அப்போதுதான் செல்லம்மா எழுந்தாள். அவள் கெட்டவள் இல்லை. அவள் போரில்தான் ஏற்கெனவே சூடு ஏறியிருக்கிறது. "ஏனுங்க, அவன் வராட்டிப் போறான். ஒரு வவுத்துல பொறந்தவ ஊட்டுல இருக்கறாளில்ல? அவ கை பட்டா அவன் கை பட்ட மாதிரிதானே? பாப்பாவே மெழுகட்டும், நாளைக்கே கதிர ஏத்திக்கலாம்" என்றாள். எல்லோருக்கும் அது சரியென்று பட்டுவிட்டது. ஊர்க்கவுண்டரும் தலையை ஆட்டினார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. "சரிங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் பின்னால், சுவரை ஒட்டி நின்றிருந்த இவள் பேசினாள்.

"மாட்டேனுங்க."

கேட்கவில்லை என்று ஊர்க்கவுண்டர் காதைக் கொடுத்தார். "நான் மெழுக மாட்டேனுங்க. நான் ஏறலீங்க. ஏறுனது அண்ணன்" என்றாள். கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. செல்லம்மா, "அடியே, ஊரே காத்துக் கெடக்குது, ஒருநாளு குனிஞ்சா இடுப்பு ஒடிஞ்சா போயிரும்?" என்றாள். "இடுப்புக்காகச் சொல்லலீங்க அத்தை" என்றாள் இவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள். கடைசியில் ஊர்க்கவுண்டர்தான், "புள்ள சொல்றது நாயந்தானுங்களே" என்று சொல்லி, அடுத்த ஞாயிறு வரை தவணை வைத்தார். பள்ளிக்கூடத்தில் வராத சொல் அங்கே எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆகவே கேள். ஞாயிறு விடிவதற்குள் நீ வந்து சேர வேண்டும். டிரெயினிங் என்று சொல்லாதே. டீம் இல்லாதவனுக்கு என்ன டிரெயினிங் என்று எனக்கும் தெரியும். காரில் வருகிறாயோ பஸ்ஸில் வருகிறாயோ, உன் இஷ்டம். கேமராக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் அவர்களை ஊருக்கு வெளியிலேயே நானே நிறுத்திவிடுவேன். வந்து, ஊர் பார்க்கக் குனிந்து, உன் கையால் மெழுகு. இந்த முறை உனக்காக நான் மெழுக மாட்டேன். நம் சாமை முளைத்து அழுகிப்போனாலும் சரி, நான் தொடமாட்டேன். எனக்கு இனி உன்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. எழுதினதை இவள் படித்துக் காட்டினாள், நான் சொன்னபடியே இருக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன்.

அண்ணா, இதுவரை அம்மா சொன்னது. இனிமேல் நான் எழுதுவதை அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போவதில்லை.

அம்மா மெழுகமாட்டேன் என்று சொன்னதை நம்பாதே. இரண்டு நாளாகக் கொட்டகைக்குப் பின்னால் நீல டிரம்மில் சாணி சேர்த்துக்கொண்டு வருகிறாள். மேலே சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை இருட்டோடு நீ காரில் வந்து மெழுகிக் கொடுத்துவிட்டு, விடிவதற்குள் போய்விட்டாய் என்று ஊரிடம் சொல்லப் போகிறாள். அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை; அவர்கள் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுவிட்டது. இந்தக் கடிதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் பொய்யாகக் கோபப்படவில்லை, அண்ணா. கோபமும் உண்மைதான், டிரம்மும் உண்மைதான். உனக்காகச் செய்வதை நிறுத்த அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. நீ காலேஜ் என்று சொன்னதைக் கேட்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன். உன் வீடியோவைப் பார்த்துவிட்டு, என்ன கோர்ஸ் என்று என்னோடு படித்த பெண் ஒருத்தி கேட்டு அனுப்பியிருந்தாள். அவளுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. நீ போடு.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, மாடுகளை ஓடைக்கு ஓட்டிக்கொண்டு போன அம்மா திரும்புவதற்குள், நான் கொட்டகைக்குப் பின்னால் போனேன். டிரம் கனமாக இருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். முதல் தடவை அசையவில்லை. இரண்டாவது தடவை சாய்ந்துவிட்டது. எல்லாம் மிளகுக் கொடிகளுக்கு அடியில் போய்விட்டது. திரும்பினால் அம்மா நின்றுகொண்டிருந்தாள், கயிற்றைக் கையில் பிடித்தபடி. அடிப்பாள் என்று நினைத்தேன். "இனி என்ன கண்ணு பண்றது?" என்று என்னைக் கேட்டாள். அம்மா என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் முறை.

"அண்ணன் வரட்டும்மா" என்றேன்.

இப்போது இந்த வீட்டில் உனக்காக மெழுக ஆள் இல்லை, சாணியும் இல்லை. ஞாயிறு காலையில் நீ வந்தால், முதலில் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று சாணி கேட்க வேண்டும். முப்பது வீடு. செல்லம்மா அத்தை வீட்டிலிருந்து தொடங்கு.